தீவினைக்குப் பங்கு பிரிப்பு உண்டோ?

பொழுது சாயுமுன் உண்பதும், நீரை வடிகட்டிப் பருகுவதும், நடக்கும் வழியில் எறும்பு ஊர்ந்தால் விலகிச் செல்வதும் நம் இல்லங்களில் வழிவழியாக வந்த பழக்கங்கள். பேசத் தொடங்கும் பருவத்திலேயே நம் பிள்ளைகள் இவற்றைக் கற்றுக்கொள்கின்றனர். கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிருக்கும் இரங்க வேண்டும் என்று சொல்லி வளர்த்த மரபு நம்முடையது. அம்மரபில் வளர்ந்த பிள்ளையின் கையில் இன்று ஒரு கைப்பேசி இருக்கிறது. உடன் பயிலும் மாணவி ஒருத்தியின் படம் அதில் கேலிச் சொற்களுடன் வந்து சேர்கிறது. பிள்ளை சிரிக்கிறது, அதை இன்னொரு குழுவுக்கு அனுப்புகிறது, பிறகு வடிகட்டிய நீரைப் பருகிவிட்டு உறங்கச் செல்கிறது. இவ்விரண்டு செயல்களுக்கும் இடையே ஒரு முரண்பாடு உண்டு என்பதை அப்பிள்ளைக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை.

நம் மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் அமைந்திருக்கிறது. திங்கட்கிழமைகளில் நடைபெறும் குறைதீர்க்கும் கூட்டத்திற்குப் பட்டா, நிலத் தகராறு, முதியோர் உதவித்தொகை எனப் பலவகைத் துன்பங்களை மனுவாக எழுதிக்கொண்டு மக்கள் வருகின்றனர். அந்த வரிசையில் பதினைந்து வயதுச் சிறுமியோ சிறுவனோ, தன் கைப்பேசி வழியாக வந்த அவமானத்தை எழுதிக்கொண்டு வந்து நிற்பது அரிது. துன்பம் இல்லாமையால் அன்று. அதை வெளியே சொல்லும் துணிவு அவ்வயதில் இல்லாமையால். இன்னொரு காரணமும் உண்டு. யார் மீது மனு எழுதுவது? படத்தை எடுத்தவர் ஒருவர், திரித்தவர் ஒருவர், பகிர்ந்தவர் நூறு பேர், பார்த்துச் சிரித்தவர் எண்ணற்றவர்.

இக்கட்டுரை சிந்திக்க விரும்புவது இந்தக் கேள்வியைத்தான். பலர் சேர்ந்து சிறிது சிறிதாகச் செய்த தீங்கினால் ஓர் இளம் உயிர் வாடினால், அல்லது மாய்ந்தே போனால், அந்தப் பழி யாருடையது? ஆயிரம் பேரிடையே பங்கிடப்படும்போது அது ஒன்றுமில்லாமல் கரைந்து போகுமோ?

நாடறிந்த நிகழ்ச்சிகள்

2016ஆம் ஆண்டு ஜூன் மாதம் சேலம் மாவட்டத்தில், பட்டப்படிப்பை முடித்திருந்த இளம்பெண் ஒருவரின் முகத்தை ஆபாசப் படத்துடன் பொருத்தி முகநூலில் வெளியிட்டான் ஒருவன். தந்தை காவல் துறையில் புகார் கொடுத்தார். நடவடிக்கை விரைந்து வரவில்லை. படம் மீண்டும் வெளியிடப்பட்டது. அப்பெண் தம் உயிரைப் போக்கிக்கொண்டார். தாம் எவருக்கும் படம் அனுப்பவில்லை என்றும், பெற்றோரும் தம்மை நம்பவில்லையே என்ற வேதனை தம்மை வாட்டுகிறது என்றும் அவர் எழுதி வைத்திருந்ததை அந்நாளைய செய்தித்தாள்கள் தெரிவித்தன. படத்தைத் திரித்தவன் கைது செய்யப்பட்டான். தாமதத்திற்காக மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

2023 நவம்பரில் மத்தியப் பிரதேசத்தின் உஜ்ஜயினி நகரில் 16 வயது மாணவர் ஒருவர் இறந்தார். ஒப்பனைக் கலையில் ஈடுபாடு கொண்டவர் அவர். தீபாவளியை ஒட்டிச் சேலை உடுத்திய தம் காணொளி ஒன்றை இன்ஸ்டாகிராமில் வெளியிட்டிருந்தார். அதன் கீழே ஆயிரக்கணக்கான வசைச் சொற்கள் வந்து குவிந்தன. எழுதியவர்களில் மிகப் பெரும்பாலோர் அவரை வாழ்நாளில் ஒருமுறையும் நேரில் கண்டவர் அல்லர்.

துன்புற்றவர் சிறார் மட்டும் அல்லர். 2024 ஏப்ரல் இறுதியில் சென்னையை அடுத்த திருமுல்லைவாயிலில், அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல்தளத்திலிருந்து தவறி விழுந்த கைக்குழந்தை ஒன்று கீழே இருந்த கூரை மீது தங்கியது. அக்கம்பக்கத்தார் துணிந்து அதை மீட்டனர். காணொளி நாடெங்கும் பரவியது. குழந்தை பிழைத்ததற்கு மகிழ வேண்டிய ஊர், தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. மன அழுத்தத்திற்கு ஆளாகிச் சிகிச்சை பெற்று வந்த அத்தாய், மே மாதத்தில் காரமடையில் உள்ள பெற்றோர் இல்லத்தில் உயிர் துறந்தார்.

ஓர் உயிர் தன்னை மாய்த்துக்கொள்வதற்கு இதுதான் ஒரே காரணம் என்று எவராலும் அறுதியிட்டுக் கூற இயலாது. மனநோய், தனிமை, வீட்டுச் சூழல், கல்விச் சுமை எனப் பல இழைகள் அதில் பின்னிக் கிடக்கும் என்று மனநல மருத்துவர்கள் கூறுகின்றனர். உண்மையே. ஆனால், காரணங்கள் பல என்பதால் நம் பங்கு இல்லை என்று ஆகிவிடாது. பல இழைகளில் ஒன்றை நாம் திரித்திருந்தால், அந்த இழை நம்முடையதே.

கூட்டத்தில் கரையாத வினை

"எல்லோரும் எழுதினார்கள், நானும் ஒரு வரி எழுதினேன்" என்பது முதலாவது சமாதானம். இதனைச் சற்றே ஆராய்வோம்.

திருவண்ணாமலையில் பௌர்ணமி தோறும் மலையை வலம் வரும் பெருங்கூட்டத்தை நாம் அறிவோம். பதினான்கு கிலோமீட்டர் தொலைவை லட்சக்கணக்கானோர் இரவெல்லாம் நடக்கின்றனர். நம் நெறி வேறாயினும், அந்தக் கூட்டத்திலிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். நடந்து முடித்தவர் எவரும், தமக்குக் கிடைக்கும் புண்ணியம் பல லட்சத்தில் ஒரு பங்குதான் என்று கணக்கிடுவதில்லை. தம் கால்கள் நடந்தன. எனவே பயன் முழுவதும் தமக்கே என்றுதான் கருதுகின்றனர். நல்வினைக்குக் கூட்டத்தில் வகுத்தல் கணக்கு இல்லை. அப்படியானால் தீவினைக்கு மட்டும் அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? புண்ணியம் என்றால் முழுமையாக வேண்டும், பாவம் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும் என்பது வணிகருக்கும் பொருந்தாத கணக்கு.

நம் ஆகமங்கள் இவ்வகைக் கணக்கிற்கு இடமே தரவில்லை. வினை என்பது வெளியே ஒரு பொதுச் சொத்தாகக் குவிந்து கிடந்து, பிறகு பலருக்கும் பிரித்துக் கொடுக்கப்படுவது அன்று. அவரவர் மனம், மொழி, மெய் ஆகியவற்றின் அசைவாலும், அவ்வசைவில் கலந்த கஷாயத்தாலும் அவரவர் உயிரில் வந்து ஒட்டுவது. பக்கத்தில் இன்னும் ஆயிரம் பேர் அதையே செய்தனர் என்பதால் என் உள்ளத்துச் செருக்கு குறைந்துவிடுவதில்லை. கூட்டம் தரும் துணிவினால் அது மிகுந்திருத்தலும் கூடும்.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல்

"நானாக ஒன்றும் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன், அவ்வளவே" என்பது இரண்டாவது சமாதானம். "அனுப்பவும் இல்லை, விருப்பக்குறி மட்டும் இட்டேன்" என்பது அதன் தம்பி.

உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் வினை வந்து சேரும் வழிகள் எண்ணிக் காட்டப்படுகின்றன. எண்ணுதல், அதற்கான கருவிகளைத் திரட்டுதல், தொடங்குதல் என நிலைகள் மூன்று. மனம், மொழி, மெய் என வாயில்கள் மூன்று. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்பட்டு மகிழ்தல் என வகைகள் மூன்று. வெகுளி, செருக்கு, வஞ்சகம், பற்றுள்ளம் எனக் கஷாயங்கள் நான்கு. இவற்றைப் பெருக்கினால் 108 வழிகள் ஆகின்றன. நம் ஜபமாலையில் உள்ள 108 மணிகள் இவ்வழிகளை நினைவூட்டுவன என்று விளக்கம் கூறுவோரும் உளர்.

கைப்பேசி என்ற கருவி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட கணக்கு இது. ஆயினும் எவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்கிறது என்று காண்க. வசைச் சொல்லை எழுதுதல் கிருதம். அதைப் பத்துப் பேருக்கு அனுப்பிப் பரவச் செய்தல் காரிதம். விருப்பக்குறி இட்டும், சிரிப்புப் பொம்மையை இட்டும் மகிழ்தல் அனுமோதனை. கஷாயங்களும் அங்கே உள்ளன. நட்பு முறிந்த கோபத்தில் எழுதுவது வெகுளி. தன்னைவிட நலிந்தவனை இகழ்ந்து உயர்ந்து நிற்பது செருக்கு. பொய்ப் பெயரில் கணக்குத் தொடங்கி ஒளிந்து தாக்குவது வஞ்சகம். பார்ப்போர் தொகை பெருக வேண்டும் என்பதற்காகப் பிறர் மானத்தை விற்பது பற்றுள்ளம்.

வாய்மை விரதத்தின் மீறல்களாக நூலோர் கூறியவற்றுள்ளும் இவை அடங்கும். பிறர் தனிமையில் செய்ததையும் பேசியதையும் வெளிப்படுத்துதல் ஒரு மீறல். ஒருவர் எழுதாததை எழுதியதாகப் பொய்யாவணம் படைத்தல் இன்னொரு மீறல். நூல்கள் இதனைக் கூடலேகக் கிரியை என்று அழைக்கும். ஒருத்தியின் முகத்தை வேறோர் உடலோடு ஒட்டிப் படம் ஆக்குவது கூடலேகக் கிரியை அன்றி வேறு என்ன? இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகளால் அதனைச் சில நொடிகளில் செய்துவிட முடிகிறது. கருவி புதியது, குற்றம் மிகப் பழையது.

விளையாட்டும் விழிப்பின்மையும்

"விளையாட்டாகச் செய்தேன், தீங்கு நினைக்கவில்லை" என்பது மூன்றாவது சமாதானம். பதின்ம வயதினர் பெரும்பாலும் உண்மையாகவே இதைக் கூறுகின்றனர். ஆகவே இதனைப் பொய் என்று தள்ளாமல் விடை கூற வேண்டும்.

இம்சைக்கு நம் நூலோர் தந்த இலக்கணத்தில் முதலில் நிற்கும் சொல் பிரமாதம், அதாவது விழிப்பின்மை. விழிப்பின்றி இயங்கிப் பிற உயிரின் பிராணனுக்கு ஊறு செய்வதே இம்சை. கொல்லும் எண்ணம் இருந்தால்தான் இம்சை என்று அவர்கள் எழுதவில்லை. கவனமாகப் பார்த்து நடந்தும் காலடியில் அறியாமல் ஓர் உயிர் மாண்டால், அந்த நடைக்குப் பழி இல்லை. பாராமல் நடந்தவனின் காலடியில் ஓர் உயிரும் மாளாவிட்டாலும் அவன் பழி நீங்கியவன் அல்லன். பொன்னூர் மலையோடு மரபு தொடர்புபடுத்திப் போற்றும் குந்தகுந்தாசாரியரும் தம் பிரவசனசாரத்தில் இக்கருத்தை வலியுறுத்துகிறார்.

பிராணன் என்பதற்கும் நம் நெறியில் பரந்த பொருள் உண்டு. ஐம்பொறிகள் ஐந்து, மனவலிமை, சொல்வலிமை, உடல்வலிமை என வலிமைகள் மூன்று, உயிர்ப்பு, ஆயுள் என்பன இரண்டு. ஆகப் பத்துப் பிராணன்கள். மனவலிமை அவற்றுள் ஒன்று. ஒரு சிறுமி பள்ளிக்குச் செல்லவே அஞ்சி அறைக்குள் முடங்கினால், அவள் ஆயுள் குறையாவிட்டாலும் ஒரு பிராணன் சிதைந்துவிட்டது. எனவே, இறந்தவர்களை மட்டும் எண்ணி இரங்குவது போதாது. இறக்காமல் உள்ளுக்குள் நைந்து வாழ்வோர் பல மடங்கினர்.

யசோதர காவியத்தின் கதை நம் இல்லங்களுக்குப் புதிதன்று. உயிருள்ள கோழியைப் பலியிட மறுத்த யசோதரன், தாயின் வற்புறுத்தலுக்கு இணங்கி மாவினால் செய்த கோழியை வெட்டுகிறான். வெட்டுண்டது மாவுதான்; ஆயினும் தாயும் மகனும் பல பிறவிகளில் விலங்காகவும் பறவையாகவும் பிறந்து அல்லலுறுகின்றனர். "திரையில் தெரிவது வெறும் படம்தானே, வெறும் எழுத்துத்தானே" என்போர் இக்கதையை எண்ணிப் பார்க்க வேண்டும். மாக்கோழிக்கு வலிக்கவில்லை, அப்படியும் வினை ஒட்டியது. திரையில் தெரியும் படத்திற்குப் பின்னால் வலிக்கும் உயிர் ஒன்று இருக்கிறதே!

மெலிந்தவர் என்பது சாக்காகுமோ?

"எத்தனையோ பேர் கேலியைத் தாங்கிக்கொள்கிறார்கள், இவர் மெலிந்த மனத்தினர், அதற்கு நாங்கள் என்ன செய்வது?" என்பது நான்காவது சமாதானம். ஆங்கிலேய வழக்குச் சட்ட மரபில் நெடுங்காலமாக ஒரு கோட்பாடு உண்டு. அடிபட்டவரின் மண்டை முட்டை ஓடு போல் மெல்லியதாக இருந்தது என்பது அடித்தவருக்குச் சாக்காகாது. யாரை அடித்தானோ அவரை உள்ளபடியே ஏற்றுக்கொண்டு விளைவுக்கு அவன் பொறுப்பேற்க வேண்டும் என்பது அதன் கருத்து.

இதனைவிட நுண்மையான பாடம் நம் முனிவர் பெருமக்களின் கையிலேயே இருக்கிறது. அமரும் இடத்தைத் துடைக்க அவர்கள் மயிற்பீலியை ஏந்துவது ஏன்? வலிய உயிர்களுக்குத் துடைப்பமே போதும். ஈர்க்கின் உராய்வையும் தாங்காத சிற்றுயிர் அங்கே இருக்கலாம் என்பதற்காகவே பீலி. கருவியின் மென்மையைத் தீர்மானிப்பது அங்குள்ளவற்றுள் மிகவும் மெலிந்த உயிர். சொல்லுக்கும் அதுவே அளவுகோல். நாற்பது பேர் உள்ள வகுப்புக் குழுவில் ஒரு சொல்லை இடும்போது, அதைத் தாங்கக்கூடிய முப்பத்தொன்பது பேரை எண்ணக் கூடாது. தாங்காத ஒருவரை எண்ண வேண்டும். பதின்ம வயது என்பதே தன் உருவத்தைப் பற்றியும், பிறர் தன்னை எப்படிக் காண்கிறார்கள் என்பது பற்றியும் ஓயாது கவலையுறும் பருவம் அன்றோ?

இவ்விடத்தில் நம்மவர் சிலர் கூறும் ஐந்தாவது சமாதானத்தையும் மறைக்காமல் பேசிவிடுவோம். "அவரவர் முன்வினை, அனுபவித்துத்தான் தீர வேண்டும்" என்கின்றனர். வினைக் கொள்கையை உயிர்நாடியாகக் கொண்ட நாம், அதைப் பிறர் துன்பத்தைக் கண்டு கைகட்டி நிற்பதற்குக் கருவியாக்குவது பெரும் பிழை. ஒருவருக்கு அசாதா வேதனீயம் உதயமாகலாம். ஆனால், அதற்கு நிமித்தமாக நான் நின்றால், பிறரை வருத்தியும் அழவைத்தும் எனக்கென ஒரு புதிய அசாதா வேதனீயத்தை நான் கட்டிக்கொள்கிறேன் என்பதும் அதே நூலில் உள்ள பாடமே. வினைக் கொள்கை, என் துன்பத்தைப் பொறுத்துக்கொள்ள எனக்குத் துணை செய்வது. பிறர் துன்பத்தைப் பொருட்படுத்தாமல் விட எனக்கு அனுமதி தருவது அன்று.

சட்டம் கேட்பதும் அறம் கேட்பதும்

சட்டம் இதில் என்ன செய்கிறது? 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், ஒருவரின் அந்தரங்கப் படத்தை இசைவின்றி வெளியிடுவதையும், ஆபாசமானவற்றை மின்வழியில் பரப்புவதையும் குற்றமாக்கியுள்ளது. சிறாரைப் பற்றியதாயின் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் உண்டு. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 107ஆம் பிரிவு, சிறாரைத் தற்கொலைக்குத் தூண்டுவோருக்கு மிகக் கடுமையான தண்டனை விதிக்கிறது. ஆனால் தூண்டுதல் என்பது மெய்ப்பிக்கப்பட வேண்டும். ஆயிரம் பேர் ஆளுக்கொரு வரி எழுதிய இடத்தில் அதனை மெய்ப்பிப்பது எளிதன்று. புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய 66அ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கியது. அதன் சொற்கள் வரையறையற்றவை, கருத்துரிமையை நெரிக்கக் கூடியவை என்பது காரணம். அதுவும் நியாயமே; கடுஞ்சொல் அனைத்தையும் சிறைக்குரியதாக்கினால் அச்சட்டமே வலியவர் கையில் மெலியோரை ஒடுக்கும் கோலாகிவிடும்.

பிற நாடுகளிலும் இதே தடுமாற்றம் உண்டு. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 2006இல் 13 வயதுச் சிறுமி ஒருத்தி உயிர்நீத்தாள். இணையத்தில் அவளோடு நட்புக் கொண்ட சிறுவன் உண்மையில் இல்லாதவன். அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் சம்பந்தப்பட்ட பொய்க் கணக்கு அது. நடுவர் குழு அளித்த தண்டனைத் தீர்ப்பு 2009இல் நீதிபதியால் தள்ளப்பட்டது. கணினிச் சட்டத்தில் அதற்கு இடம் இல்லை என்றாயிற்று. லண்டனில் 2017இல் இறந்த 14 வயதுச் சிறுமியைப் பற்றி 2022இல் மரண விசாரணை நடத்திய அதிகாரி, இணைய நிறுவனங்கள் இடைவிடாது அவளுக்குக் காட்டிய துயரமான பதிவுகளும் அவள் இறப்பில் சிறிதளவுக்கு மேற்பட்ட பங்கு வகித்தன என்று முடிவு கூறினார். மனிதர் எழுதாவிட்டாலும், எதை முன்னே நிறுத்துவது என்று எந்திரத்திற்குக் கற்பித்தவர்க்கும் பொறுப்பு உண்டு என்பதை அது உணர்த்தியது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோர் சமூக வலைதளக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் பொறுப்பை நிறுவனங்கள் மீது சுமத்தியுள்ளது.

சட்டம் கேட்கும் கேள்வி "இவரை மாய்த்தவர் யார்?" என்பது. அதற்கு ஒரு பெயரும் ஒரு சான்றும் வேண்டும். அறம் கேட்கும் கேள்வி "நீ என்ன செய்தாய்?" என்பது. அதற்குச் சாட்சி வேண்டுவதில்லை. விளைவைக் கண்டறிய வேண்டும் என்பதும் இல்லை. முதல் கேள்விக்கு விடை கிடைக்காமல் போகலாம். இரண்டாம் கேள்விக்கு ஒவ்வொருவரிடமும் விடை உண்டு.

பழித்தவரைப் பழித்தல்

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கொடுமை செய்த சிறுவன் இன்னான் என்று தெரிந்தவுடன், அவன் படத்தை ஊரெங்கும் பரப்பி அவனை வசைபாடப் புறப்படும் கூட்டம் ஒன்று உண்டு. அறச்சீற்றம் என்று அதற்குப் பெயரும் சூட்டிக்கொள்வர். முதற்கூட்டம் செய்ததையே இக்கூட்டமும் செய்கிறது. அவனும் பதின்ம வயதினனே. அவனும் மெலிந்தவனாக இருக்கலாம்.

சிலப்பதிகாரத்தில் நம் சமயத் துறவியாகிய கவுந்தியடிகள், கோவலனோடும் கண்ணகியோடும் மதுரைக்குச் செல்லும் வழியில் நிகழ்ந்ததை நினைவு கூர்க. வழிப்போக்கர் இருவர் அவர்களை இழித்துப் பேசினர். செவியைப் பொத்திக்கொண்டு நடுங்கினாள் கண்ணகி. அவர்கள் நரிகளாகுமாறு அடிகள் சபித்தார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. இழிவுற்ற கோவலனும் கண்ணகியுமே, அறியாமையால் தவறியவர்கள் என்று அவர்களுக்காக இரங்கினர். அடிகள் சாபத்திற்குப் பன்னிரண்டு மாத எல்லை வகுத்தார். சொல்லால் துன்புறுத்துவதைச் சிறிய குற்றமாக அக்காவியம் கருதவில்லை. அதே நேரத்தில் குற்றவாளிக்குத் திரும்பி வரும் வழியையும் அது அடைக்கவில்லை. இரண்டும் சேர்ந்ததுதான் நீதி. கண்டிப்பும் வேண்டும், அதற்கு ஓர் எல்லையும் வேண்டும்.

இல்லறத்தார் செய்யத்தக்கன

நற்காட்சியின் எட்டு உறுப்புகளில் உபகூஹனம், ஸ்திதிகரணம் என்னும் இரண்டு இங்கே நமக்கு வழிகாட்டும். பிறர் குறையை அம்பலப்படுத்தாது மறைத்துக் காத்தல் முன்னது. தடுமாறியவரைத் தாங்கி நிலைநிறுத்துதல் பின்னது. துறவி வேடத்தில் வந்து மணியைத் திருடியவனை ஊரார் முன் காட்டிக்கொடுக்காமல் காத்து, பின்பு தனிமையில் கண்டித்த ஜினேந்திரபக்தரின் கதையை உபகூஹனத்திற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வர். இவ்விரு உறுப்புகளையும் வீட்டில் நடைமுறைப்படுத்துவது எவ்வாறு?

ஒன்று: பிள்ளை அவமானப்பட்டு வந்து நின்றால் முதற்சொல் நம்பிக்கையாக இருக்கட்டும். "நீ என்ன செய்தாய்?" என்று கேட்பதற்கு முன், "நாங்கள் உன்னோடு இருக்கிறோம்" என்று சொல்ல வேண்டும். சேலத்துப் பெற்றோரைக் குறை கூறும் உரிமை நமக்கு இல்லை. அவர்கள் மகளுக்காகக் காவல் நிலையம் சென்றவர்கள். ஆனால் தன்னை நம்பவில்லை என்ற எண்ணம் ஓர் இளம் உள்ளத்தை எவ்வளவு வாட்டும் என்பதை அந்நிகழ்ச்சியிலிருந்து நாம் கற்காமல் இருக்கக் கூடாது. கைப்பேசியைப் பறித்துவிடுவோமோ என்ற அச்சத்தாலேயே பல பிள்ளைகள் வாய் திறப்பதில்லை என்பதையும் மனத்தில் கொள்க.

இரண்டு: வந்த படத்தையும் செய்தியையும் உடனே அழித்துவிடாது சான்றாகச் சேமித்து வையுங்கள். 1930 என்ற எண்ணிலும், மத்திய உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும், மாவட்டச் சைபர் குற்றப்பிரிவுக் காவல் நிலையத்திலும் புகார் செய்யலாம். சிறாருக்கான உதவி எண் 1098. புகார் செய்தால் குடும்ப மானம் போய்விடும் என்று அஞ்சி மறைப்பதால் துன்பம் செய்தவருக்கே துணிவு வளர்கிறது.

மூன்று: பிள்ளை உண்ணாமல், உறங்காமல், எவரோடும் பேசாமல் ஒதுங்கினால் அதனைப் பிடிவாதம் என்று எண்ணிக் கண்டிக்காதீர்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலிமானஸ் எண்ணும், தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணும் உள்ளன. சென்னையில் 1986 முதல் சினேகா அமைப்பு தற்கொலைத் தடுப்புப் பணியில் ஈடுபட்டு வருகிறது. மருத்துவரை நாடுவது குடும்பத்திற்கு இழுக்கன்று.

நான்கு: நம் பிள்ளை துன்புறுத்தியவனாகவும் இருக்கலாம் என்பதை ஏற்க மனத்தைப் பழக்குங்கள். "என் பிள்ளை அப்படிச் செய்யமாட்டான்" என்ற சொல், அவன் திருந்தும் வாயிலை அடைத்துவிடும். எழுதியதை அழிக்கச் செய்து, பாதிக்கப்பட்டவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்கச் செய்து, படத்தைப் பெற்றவர்களிடமும் அதை நீக்கக் கேட்கச் செய்ய வேண்டும். ஊர் கூட்டி அவனை அவமானப்படுத்த வேண்டா.

ஐந்து: பெரியவர்களின் கைப்பேசியும் கணக்கில் வரட்டும். உறவினர் குழுவில் ஒரு பெண்ணின் நடத்தையைப் பற்றி வந்த செய்தியைத் தந்தை சிரித்துக்கொண்டே பகிர்வதைக் காணும் மகனுக்கு, நம் கொல்லாமைப் போதனை எந்த அளவில் விளங்கும்?

தசலட்சண பர்வத்தின் முதல் நாள் உத்தம க்ஷமைக்கு உரியது. நாம் அறிந்தும் அறியாமலும் செய்த தீங்குகளுக்கு எல்லா உயிர்களிடமும் பொறுத்தருள வேண்டுவது நம் வழக்கம். வரும் பர்வத்தில் ஒவ்வொரு குடும்பமும் ஒருசேர அமர்ந்து, அவ்வாண்டில் தங்கள் விரல் நுனியால் அனுப்பியவற்றையும் அவ்வேண்டுதலில் சேர்த்துக்கொள்ளுமாயின் நன்று. நீக்கத்தக்கதை நீக்கலாம், மன்னிப்புக் கேட்க வேண்டியவர் இன்னார் என்று தெரிந்தால், எல்லா உயிர்களிடமும் கேட்கும் அந்தப் பொது மன்னிப்போடு நின்றுவிடாமல், அவர் வீட்டு வாயிலுக்கே சென்று கேட்கலாம். ஆயிரம் பேர் செய்த தீங்கில் மற்ற தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேர் என்ன செய்கிறார்கள் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நம் பங்கு என்று நாம் எண்ணியிருந்தது பங்கு அன்று. அது நமக்கே உரிய முழு வினை. அதைக் கழிக்கும் முயற்சியும் முழுமையாக நம்முடையதே.

அறம் வளர்க!